முப்பத்தாறு படமும் ஒரு முதுகும்!

எங்கள் அக்கா வீட்டு ஹாலில் கல்யாண போட்டோ கிடையாது.

புதிதாக வருகிறவர்கள் சுவரைச் சுற்றிப் பார்ப்பார்கள். காலண்டர் இருக்கும். கடிகாரம் இருக்கும். அத்தான் காலேஜில் கபடிக்கு வாங்கிய கேடயம்கூட இருக்கும். "கல்யாண போட்டோ மாட்டலையா?" என்று யாராவது வாயை விடுவார்கள். அவ்வளவுதான். அக்கா சடாரென்று என் பக்கம் கையைக் காட்டுவாள்.

"இதோ உட்கார்ந்து காபி குடிக்கிறானே, இவனைக் கேளுங்க. போட்டோகிராஃபி *படிச்சவன்*!"

அந்தப் 'படிச்சவ'னில் இருக்கிற காரம் இருக்கிறதே... பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் துளி குறையவில்லை. காபி எனக்குக் கசக்க ஆரம்பித்துவிடும்.

ஆமாம் சார், படித்தேன். முறைப்படி ஃபீஸ் கட்டி, அட்டெண்டன்ஸ் கொடுத்து, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, ஒரு டெக்னிக்கல் காலேஜில் ஒரு வருஷம் படித்தேன். அந்தப் படிப்புதான் அக்காவுக்குக் கல்யாணத்தை முடித்துக் கொடுத்தது. அதே படிப்பைப் படித்த மேதாவிதான் அந்தக் கல்யாணத்தைக் கோட்டை விட்டது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்தவனுக்குப் பற்று, வரவு இரண்டு பக்கமும் எழுதாவிட்டால் தூக்கம் வராது.

கவர்னரும் எங்கப்பாவும்

அப்பா கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதியவர். சாயங்காலம் ஒரு டீ குடித்தால்கூட ராத்திரி டைரியில் 'டீ - 3.00' என்று ஏறிவிடும். 2008-ல் அவர் எதிரே போய் நின்றேன். அப்போது நான் பி.காம். முடித்து, சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நாளெல்லாம் வவுச்சர்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

"சாயங்கால கோர்ஸ்பா. ஒரு வருஷம்தான். போட்டோகிராஃபி."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். (கழற்றினால் ஏதோ ஒரு செலவை வெட்டப் போகிறார் என்று அர்த்தம்.)

"பட்டனை அமுக்கினா விழப் போவுது. அதுக்கு எதுக்குடா ஒரு வருஷம்?"

அன்றைக்குப் பதில் தெரியாமல் முழித்தேன். கோர்ஸில் சேர்ந்து முதல் வாரம் சரித்திரம் நடத்தினபோதுதான் தெரிந்தது, எங்கப்பாவுக்கு முன்னோடி ஒருவர் உண்டு என்று. அவர் சென்னை மாகாணத்துக்கே கவர்னர்!

போட்டோ என்கிற சமாசாரம் பாரீஸில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் நம்ம ஊருக்கு வந்துவிட்டது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் பூர்வாசிரமம் அதுதான். 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டியைத் தொடங்கி வைத்தவரும் அவரே. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857. யூனிவர்சிட்டியைவிட போட்டோ சங்கம் ஒரு வயசு பெரியது!

அந்தச் சமயம் கம்பெனிப் பட்டாளத்து கேப்டன் லினேயஸ் ட்ரைப் என்பவரை அரசாங்க போட்டோகிராஃபராக நியமித்தார்கள். மனுஷர் பெரிய பெரிய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு 1858-ல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாகப் படம் பிடித்து, 21 பிரிண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி ஒரே நீளப் படமாகச் செய்தார். ஒரு படத்தையும் அடுத்ததையும் வெளிச்சம் மாறாமல் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருட்டறையில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

இத்தனை செய்தவருக்கு என்ன நடந்தது? 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் கணக்கைப் பார்த்தார். கஜானா இருக்கிற நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று திட்டத்தையே இழுத்து மூடிவிட்டார்.

எங்கப்பா எவ்வளவோ தேவலை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "சரி, கட்டு. ரசீதை அனுப்பி வை" என்று சொல்லிவிட்டார்.

ஹார்லிக்ஸ் டப்பா கேமரா

மொத்தம் பதினாலு பேர். ஸ்டூடியோ வைத்திருந்தவரின் பையன், ஒரு பேங்க் ப்யூன், விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு பெண்கள், பேஷண்டுகளின் பல்லைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு பல் டாக்டர்... இப்படி ஒரு கதம்பம்.

கேமராக்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருந்தன. அம்மனுக்கு நகை போட்டுத் தூரத்திலிருந்து காட்டுவார்களே, அந்த மாதிரி தரிசனம் மட்டும். மாஸ்டர் முதல் நாள் வந்ததும் கேட்டார்: "எல்லார் வீட்லயும் ஹார்லிக்ஸ் டப்பா இருக்குமா?"

டப்பாவின் உள்ளே கறுப்புப் பெயின்ட். பக்கவாட்டில் ஊசியால் ஒரே ஒரு துளை. எதிர்ப்பக்கம் உள்ளே ஒரு துண்டு போட்டோ பேப்பர். துளைக்கு மேல் கறுப்பு டேப். இதுதான் கேமரா! லென்ஸும் கிடையாது, பட்டனும் கிடையாது. மொட்டை மாடியில் வைத்து டேப்பைப் பிரித்து, ஒரு நிமிஷம் எண்ணிவிட்டு, திரும்ப ஒட்ட வேண்டும். நான் எடுத்த முதல் படம் காலேஜ் தண்ணீர்த் தொட்டி. தலைகீழாக, கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். ஓட்டை டப்பா ஒன்று தண்ணீர்த் தொட்டியை ஞாபகம் வைத்துக்கொண்டுவிட்டதே!

அந்தப் பேப்பர் வந்த பழைய டப்பாவில் 'இந்து' என்று போட்டிருந்தது. ஊட்டியில் செய்தது. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-ல் அங்கே தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்தியைத் துவக்கியது. ஃபிலிம் செய்கிற இடத்தில் தூசியும் இருக்கக் கூடாது, சூடும் ஆகாது. அதனால்தான் மலை மேல் போனார்கள். நம்ம ஊர் ஸ்டூடியோக்களில் எத்தனையோ கல்யாணமும் பாஸ்போர்ட்டும் அந்தப் பேப்பரில் கழுவப்பட்டவை. 1996-ல் அதை நலிவடைந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். பிற்பாடு மூடியே விட்டார்கள்.

நாங்கள் படித்த காலமே ஃபிலிமுக்குச் சாயங்காலம். 1975-லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்தவர் ஸ்டீவன் சாஸன் என்ற இன்ஜினீயர். அவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? ஃபிலிம் விற்ற கோடாக் கம்பெனியில்! ஒரு படம் பதிவாக 23 விநாடி. 2012-ல் அதே கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போனது.

"ஊரே டிஜிட்டலுக்குப் போயாச்சே சார், நமக்கு எதுக்கு ஃபிலிம்?" என்று பல் டாக்டர் கேட்டார்.

மாஸ்டர் அசரவில்லை. "டிஜிட்டல்ல தப்பு பண்ணினா உடனே தெரிஞ்சிடும், அழிச்சிடுவே. ஃபிலிம்ல பண்ணின தப்பு ராத்திரி பூரா உன்கூடப் படுத்துத் தூங்கும். அப்பதான் மறக்காது."

அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். என் கூட இன்னும் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

வெளிச்சத்துக்கு ஒரு பேரேடு

மூன்று மாதம் கழித்துத்தான் பீரோ திறந்தது. ஆளுக்கொரு நிக்கான் எஃப்எம்10-ஐக் கையில் கொடுத்தார்கள். எண்களைப் பார்த்ததும் மற்றவர்களுக்கெல்லாம் தலை சுற்றியது. எனக்கு மட்டும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

லென்ஸில் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று இருக்கும். உள்ளே எவ்வளவு பெரிய ஜன்னல் திறக்கிறது என்பதற்கு அடையாளம். எண் பெரிதாகப் பெரிதாக ஜன்னல் சின்னது (இது ஒரு கிறுக்குத்தனம், பழகிக்கொள்ள வேண்டும்). ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும். இன்னொரு பக்கம் ஷட்டர். 60, 125, 250... விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு நேரம் ஜன்னல் திறந்திருக்கும். இதிலும் ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதி.

ஆக, எட்டில் வைத்து 125-ல் அடித்தாலும் சரி, ஜன்னலை ஒரு படி பெரிதாக்கி 5.6-ல் வைத்து 250-ல் அடித்தாலும் சரி, ஃபிலிமில் விழும் வெளிச்சம் ஒன்றுதான். இங்கே கூட்டினதை அங்கே கழித்துவிட வேண்டும். 'ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு உண்டு' என்று பிளஸ் ஒன்னில் மனப்பாடம் பண்ணினது இதற்குத்தானா! ரெக்கார்டு நோட்டில் 'டி' வடிவப் பேரேடு போட்டு, இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் ஷட்டர் என்று எழுதிக் காட்டினேன். மாஸ்டர் சிரித்துவிட்டு, "கணக்கு டேலி ஆகுது. படம் எப்படின்னு பார்ப்போம்" என்றார்.

அடுத்தது இருட்டறை. ஃபிலிமைக் கேசட்டிலிருந்து உருவி, சுருள் ரீலில் சுற்றி, டப்பாவுக்குள் மூட வேண்டும். சிவப்பு லைட்கூடக் கூடாது. பொட்டு வெளிச்சம் பட்டாலும் காலி. அதனால் வேஸ்ட் ஃபிலிமை வீட்டுக்குக் கொடுத்துப் பழகச் சொன்னார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, நான் எதையோ சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்த ரூம் மேட், "பரீட்சை பயமா இருந்தா சொல்லுடா, எங்க ஊர்ல மந்திரிக்கிறவர் இருக்கார்" என்றான்.

டெவலப்பருக்கு 20 டிகிரி சூடு என்று புஸ்தகத்தில் போட்டிருக்கும். சென்னைக் குழாயில் ஏப்ரல் மாதம் 20 டிகிரிக்கு எங்கே போக? அட்டெண்டர் அண்ணன் எதிர் ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கி வந்து, பக்கெட்டில் போட்டு, டப்பாவை அதற்குள் உட்கார வைப்பார். மிச்ச ஐஸில் எங்களுக்கு மோர். "கெமிஸ்ட்ரி பாடத்துலயே இதுதான் நல்லா இருக்கு" என்பார் பேங்க் ப்யூன்.

பிரிண்ட் போடும்போது மட்டும் சிவப்பு லைட் உண்டு. வெற்றுப் பேப்பரை டெவலப்பர் தட்டில் போட்டு மெதுவாக ஆட்டினால், முதலில் தலைமுடி வரும். அப்புறம் கண். அப்புறம் கடைசியாகத்தான் கன்னம். நூறு தடவை பார்த்திருக்கிறேன். நூறு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான்.

உள்ளங்கை ரகசியம்

இப்போது அக்காவுக்கு வருவோம்.

அக்கா நல்ல கறுப்பு. மூக்கும் முழியுமாக லட்சணமாக இருப்பாள். ஆனால் ஜாதகத்தோடு அனுப்பின ஸ்டூடியோ படத்தில் வேறு யாரோ இருந்தாள். அங்கே கால் டப்பா பவுடர் போட்டு, முகத்துக்கு நேராக இரண்டு விளக்கைப் போட்டு, போதாததற்குக் கம்ப்யூட்டரிலும் வெளுத்து அனுப்பினார்கள். அதை நம்பி இரண்டு பார்ட்டி வந்தார்கள். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டார்கள். "போட்டோல பார்த்தப்ப வேற மாதிரி இருந்தாங்க" என்று வாசலில் நின்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது பார்ட்டி போன அன்று அக்கா அந்தப் படத்தை எடுத்து அப்பா டைரி மேல் வைத்தாள்.

"இந்தப் போட்டோவுக்கு ஒரு மாப்பிள்ளை பாருங்க. எனக்கு வேணாம்."

அப்பா அன்றைக்கு டைரி எழுதவில்லை.

நான் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். கையில் காலேஜ் கேமரா. 'ஒரே வெளிச்சத்தில் ஒரு முகம்' என்று அசைன்மென்ட் வேறு. அதற்கு முந்தின வாரம்தான் மாஸ்டர் ஒரு பாடம் நடத்தியிருந்தார். அது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

பாடம் இதுதான். கேமராவில் வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஒரு முட்டாள். எதைக் காட்டினாலும், இது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேஷ்டியைக் காட்டினால் அழுக்கு வேஷ்டியாக்கும். கறுப்பு முகத்துக்கு நெருங்கி அளந்தால் வெளுத்து எடுக்கும். அதே முகத்தை வெள்ளைச் சுவருக்கு முன் நிறுத்தி மொத்தமாக அளந்தால், சுவரைப் பார்த்துவிட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். மீட்டர் மட்டும் இல்லை. வெளிநாட்டு லேப்களில் கலர் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்திருந்தார்கள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். ஷெர்லி நன்றாக விழுந்தால் கலர் சரி என்று கணக்கு. எங்க அக்கா அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

"அப்ப என்ன பண்றது சார்?" என்று கேட்டோம்.

மாஸ்டர் கையை விரித்து நீட்டினார். "உள்ளங்கையை அள. கறுப்பா இருக்கிறவங்களுக்கும் சிவப்பா இருக்கிறவங்களுக்கும் உள்ளங்கை மட்டும் ஏறத்தாழ ஒண்ணுதான். மீட்டர் சொல்றதைவிட ஒரு படி கூட்டிக்க. முகம் எப்படி இருக்கோ அப்படியே விழும். முகத்தை மாத்தறது நம்ம வேலை இல்லை. வெளிச்சத்தை மாத்து."

பின்கட்டுத் தாழ்வாரத்தில், வடக்கு ஜன்னல் பக்கமாக அக்காவை உட்கார வைத்தேன். பவுடர் கிடையாது. நிழல் விழுந்த பக்கம் அப்பாவின் எட்டு முழ வேஷ்டியை அப்பாயி பிடித்துக்கொண்டு நின்றாள், வெளிச்சம் பட்டுத் திரும்புவதற்காக. ("என்னடா இது, திருஷ்டி கழிக்கிறியா?") என் உள்ளங்கையை அக்கா முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்தேன். ஒரு படி கூட்டினேன். மூன்றே மூன்று படம்.

சென்னைக்குப் போய் பிரிண்ட் போட்டேன். தலைமுடி வந்தது. கண் வந்தது. கன்னம் வந்தபோது அது கறுப்பாகவே வந்தது. ஆனால் என்ன கறுப்பு! கன்னத்து எலும்பில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. மாஸ்டர் ஈரப் பிரிண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குப் போய் எவன்யா பவுடர் போட்டான்?" என்றார்.

அப்பாவுக்குத்தான் சந்தேகம். "கறுப்பு வெள்ளைப் படமா இருக்கே... நினைவஞ்சலின்னு நினைச்சுக்க மாட்டாங்களே?" ஆனாலும் மன்னார்குடிக்கு அனுப்பினார். அவர்கள் வந்தார்கள். பஜ்ஜி வைத்தோம். மாப்பிள்ளை அக்காவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவர் அம்மாவிடம் திரும்பி, "போட்டோல இருக்கிற மாதிரியே இருக்காங்க" என்றார்.

அந்த ஒரு வரியில் கல்யாணம் முடிவானது.

நாற்பது... நாற்பத்தொண்ணு...

2009 வைகாசியில் முகூர்த்தம். கல்யாணத்துக்கு யார் போட்டோ? அப்பா வாயைத் திறக்கும் முன்பே அக்கா சொன்னாள். "என் தம்பி எடுப்பான். வேற யாரும் வேணாம். என்னை நான் மாதிரி எடுக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்." அப்பாவுக்கு டபுள் சந்தோஷம். போட்டோ செலவு என்ற தலைப்பையே பட்ஜெட்டிலிருந்து அடித்தார். கூடவே வீடியோவையும்.

காலை நாலரை மணி. மண்டபத்தில் ஒரே களேபரம். கேமராவில் ஃபிலிமைப் போட்டு, படக்கென்று மூடி, இரண்டு தடவை லிவரைத் தள்ளிவிட்டு ஓடினேன். மூடின பிறகு பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கேமராவின் இடது பக்க மேல் மூலையில் ஒரு குமிழ். ஃபிலிம் சரியாக மாட்டியிருந்தால், லிவரைத் தள்ளும்போதெல்லாம் அந்தக் குமிழ் தானாகச் சுற்றும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் பிடிமானத்திலிருந்து நழுவிவிட்டது என்று அர்த்தம். கேமராவைக் கையில் கொடுத்த முதல் நாள் மாஸ்டர் சொன்ன முதல் பாடமே அதுதான். முதல் நாள் பாடத்தையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? நான்தான் உள்ளங்கை ரகசியம் தெரிந்த மகாகலைஞன் ஆயிற்றே!

ஊஞ்சல், மாலை மாற்றல், கூறைப் புடவையில் அக்கா வந்து உட்கார்ந்தது, கெட்டி மேளம், தாலி. அக்கா ஒரு விநாடி என்னைத்தான் பார்த்தாள். க்ளிக். அந்தப் பார்வை சரியாக விழுந்திருக்கும் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

நம்பர் காட்டும் கட்டத்தில் 36 வந்தது. லிவரைத் தள்ளினேன். போயிற்று. ஒண்ணு ரெண்டு கூட விழுவது வழக்கம்தான். 38. 39. 40. 41...

சந்தனமும் பன்னீருமாக இருந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் வேர்த்தது. இடது பக்கக் குமிழைத் தொட்டேன். காற்றில் சுற்றுகிற மாதிரி லேசாகச் சுற்றியது. லிவரைத் தள்ளினாலே நம்பர் ஓடும். ஃபிலிமோ கேசட்டை விட்டு வெளியே அடி எடுத்து வைக்கவில்லை.

அப்பா சமையல்காரருக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். காதோடு சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தார்.

"தாலி கட்டினது?"

"இல்லப்பா."

"மாலை மாத்தினது?"

"ஒண்ணுமே இல்லப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப ரோலு அப்படியே இருக்கா?"

"இருக்குப்பா."

"அதுவாவது மிச்சம். மறுபடி சரியாப் போடு."

'இன்னொரு தடவை தாலி கட்டுகிற மாதிரி நிற்கச் சொல்லலாமா' என்று ஒரு மாமா யோசனை சொன்னார். அப்பாயி பத்ரகாளியாகிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தாலி கட்டின நேரத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு படம்தான் உண்டு. யாரோ செல்போனில் எடுத்தது. அதில் முக்கால்வாசி எங்கள் பெரியப்பாவின் முதுகு. முதுகுக்கு இடது பக்கம் அத்தானின் முழங்கை. அக்கா இல்லை.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். பந்தியில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இலையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "ம்" என்றாள். சாயங்காலம் மன்னார்குடிக்குக் கிளம்பும்போது காரில் ஏறி உட்கார்ந்து அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை. பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண், அழத்தானே செய்யும் என்று எல்லோரும் தேற்றினார்கள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு வைவா

திங்கட்கிழமை காலேஜுக்குப் போய்க் கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததை மாஸ்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"அக்காகிட்ட என்னன்னு சொன்னே?"

"ஃபிலிமைச் சரியா மாட்டலைன்னு சொன்னேன் சார்."

"லேப்ல கழுவும்போது போயிடுச்சுன்னு சொல்லியிருக்கலாமே? இந்தத் தொழில்ல எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க."

"தோணலை சார்."

பீரோவைத் திறந்து கேமராவை உள்ளே வைத்தார். பூட்டினார். "அடுத்த வாரம் வைவா இருக்கு. உனக்குக் கேள்வி முடிஞ்சு போச்சு" என்றார். அட்டெண்டர் அண்ணன் மட்டும் மறுநாள் ஒரு வேஸ்ட் ரோலைக் கொடுத்து, நூறு தடவை மாட்டிக் கழற்ற வைத்தார். நூறு தடவையும் குமிழ் சுற்றுகிறதா என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும்.

நான் போட்டோகிராஃபர் ஆகவில்லை. எழுத வந்துவிட்டேன். ஆனாலும் படிக்கலாமா என்று கேட்கிற பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்வேன், படியுங்கள் என்று. 1945-லேயே இங்கே பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாக ஒளிப்பதிவு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது அதுதான். பி.சி.ஸ்ரீராம் அங்கே படித்தவர். விஷுவல் கம்யூனிகேஷன் என்று பல கல்லூரிகளில் பட்டப் படிப்பே இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் சரி, 'எத்தனை கேமரா இருக்கு' என்று மட்டும் விசாரிக்காதீர்கள். 'எத்தனை நாள் கேமரா தராம வெச்சிருப்பீங்க' என்றும் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டிதான் முக்கியம்.

கோர்ஸ் எல்லாம் வேண்டாம், செல்போன் போதும் என்கிறீர்களா? அதற்கும் அதே பாடம்தான். வெள்ளைச் சுவர் முன் நிற்கிறவரின் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சூரியப் படம் வரும். அதை ஏற்றி இறக்கி, அந்த முகம் நேரில் எப்படி இருக்கிறதோ அந்த இடத்தில் நிறுத்துங்கள். வெளுப்பாக்கித் தருகிறேன் என்று போன் தானாக முன்வரும். மன்னார்குடி மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அக்கா பெண் இப்போது பத்தாவது படிக்கிறாள். போன மாதம் நான் எப்போதோ செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பரணில் போட்டிருந்த பழைய எஃப்எம்10-ஐக் கண்டுபிடித்துவிட்டாள். "மாமா, ஃபிலிம் போட்டுக் குடுங்க. இப்ப இதான் ஃபேஷன்." ஒரு ரோல் விலையைக் கேட்டுவிட்டு, அப்பா இன்னொரு தடவை கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் அவரே பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

மாட்டுவது எப்படி என்று காட்டினேன். மூடினாள். முதல் படம் அம்மாவைத்தான் எடுப்பேன் என்றாள். அக்கா சமையற்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்து ஜன்னல் ஓரமாக நின்றாள். முகம்கூடக் கழுவவில்லை. பெண் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பட்டனில் விரலை வைத்தாள்.

"இருடி, அமுக்காதே" என்றாள் அக்கா. "முதல்ல லிவரைத் தள்ளு. இடது பக்கம் ஒரு குமிழ் இருக்கும், அது சுத்துதா பாரு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்துதும்மா."

"ம். இப்ப எடு."